முத்திரை இல்லாத நகை, லேபிள் இல்லாத உடை: நல்லதை எப்படி அடையாளம் காண்கிறீர்கள்?

வெள்ளிமுடிச்சு

குழுவில் எல்லோருக்கும் வணக்கம், வெள்ளிமுடிச்சு எழுதுகிறேன். பழைய டிசைனர் நகை, விண்டேஜ் உடை என்று பேச்செடுத்தாலே பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கிறது. ஷனேல், ஸ்கியாப்பரெல்லி, டிரிஃபாரி, மிரியம் ஹாஸ்கெல் என்று நாலைந்து பெயரைச் சொல்லி, போய்த் தேடு என்கிறார்கள். எனக்கு ஈர்ப்பு வேறு பக்கம். யார் செய்தது என்றே தெரியாது, ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது, அப்படிச் சில உருப்படிகள் இருக்கின்றன அல்லவா? அவற்றைப் பற்றிப் பேச ஆசை.

உதாரணத்துக்கு என்னிடம் இருக்கும் ஒரு புரோச், அதாவது உடையில் குத்திக்கொள்ளும் நகை. பாதி உள்ளங்கை அகலம். துளைத்துளையாகப் பூவேலை செய்த பித்தளைத் தகட்டின்மேல் பொடிமுத்துகளையும் கண்ணாடி மணிகளையும் மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஐந்து கற்கள், அசைத்தால் வானவில்போல நிறம் மாறுகிறது. பின்னால் ஓர் எழுத்தும் இல்லை. காலம் எது, கை எந்த ஊர்க் கை, ஒன்றும் தெரியவில்லை.

இப்படி ஒன்று கிடைத்தால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பின்பக்கம்

திருப்பிப் பார்ப்பேன். முன்பக்கம் வாங்குபவருக்காகச் செய்தது. பின்பக்கம்தான் செய்தவரின் வேலையை அப்படியே காட்டும். அவசரமா, நிதானமா, எத்தனை பேர் கை பட்டது, பிறகு யார் பழுது பார்த்தார்கள், எல்லாம் அங்கே இருக்கும்.

புரோச் என்றால் ஊசியும் கொக்கியும்தான் முதல். பூட்டு எதுவும் இல்லாமல் வெறும் வளைந்த கொக்கியில் ஊசி போய் உட்கார்ந்தால் அது 19ஆம் நூற்றாண்டாகவோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கமாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஊசியின் முனை புரோச்சின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் பழையது என்று நினைக்கலாம். திருகினால் மூடிக்கொள்ளும் சின்னச் சக்கரப் பூட்டு 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. காதணியிலும் இதே கதை. காது குத்தாதவர்கள் அணிவதற்கான திருகு வகை முதலில் வந்தது, அழுத்திப் பிடிக்கும் கிளிப் 1930களில் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அடையாளங்கள் எல்லாம் "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்றுதான் சொல்லும். "இதற்குப் பின்னால் இருக்க முடியாது" என்று சொல்லாது. பழைய பாணிக் கொக்கியை இன்றைக்கும் ஒருவர் செய்து ஒட்டலாம். அதனால் ஒரே அடையாளத்தை நம்பி முடிவுக்கு வரவே கூடாது. கொக்கி, உலோகம், கல், கல்லைப் பிடித்திருக்கும் விதம், தேய்மானம், இந்த ஐந்தும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் முரண்பட்டால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் அது பழுது பார்த்த இடம்.

உங்கள் புரோச்சுக்கு வருவோம். வானவில் நிறம் காட்டும் கல் என்கிறீர்கள். அது அரோரா போரியாலிஸ் பூச்சாக இருக்க வேண்டும். கண்ணாடிக் கல்மேல் மிக மெல்லிய உலோகப் படலம் பூசுவது. 1950களின் நடுவில் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் டியோரோடு சேர்ந்து கொண்டுவந்தது. ஆக, கற்கள் முதலிலிருந்தே அங்கே இருந்தவை என்றால் புரோச் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. உருப்பெருக்கி வைத்து அந்த ஐந்து கற்களும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். கல்லை வளைத்துப் பிடிக்கும் உலோக நகம் பிடித்திருக்கிறதா, பசையா? தகட்டுக்குப் பின்னால் கம்பி முனைகள் அப்படியே தெரிகின்றனவா, அல்லது இன்னொரு தகடு வைத்து மூடியிருக்கிறார்களா? இரண்டும் முக்கியம்.

கண்ணாடிக்கல்

பெயர் தேடுவதை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. முத்திரை என்பது வெறும் பெருமைக்கு அல்ல, அது ஓர் ஆவணம்.

இங்கிலாந்து வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங் தரம், அதாவது 92.5 சதவீதம் வெள்ளி. சிறுத்தைத் தலை என்றால் லண்டனில் சோதித்தது, நங்கூரம் என்றால் பர்மிங்காம். கூடவே இருக்கும் ஓர் எழுத்து ஆண்டையே சொல்லிவிடும். அந்த ஆண்டு எழுத்து கட்டாயமாக இருந்தது 1998 வரை. பிரான்சில் 1838 முதல் 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை, வெள்ளிக்கு மினர்வா தேவதையின் தலை. கடுகளவு இடத்தில் இவ்வளவு தகவலை வேறு எந்தப் பொருளும் சுமந்து வருவதில்லை.

ஃபேஷன் நகையிலும் அப்படித்தான். 1955இல் டிரிஃபாரி நிறுவனம் தன் வடிவத்தை இன்னொருவர் நகலெடுத்ததாக வழக்குப் போட்டது. விலை குறைந்த உலோகமும் கண்ணாடியும் ஆனாலும் வடிவம் கலைப்படைப்புதான், அதற்குப் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகுதான் வட்டத்துக்குள் சி எழுதிய குறி அமெரிக்க ஃபேஷன் நகைகளின் பின்னால் வரிசையாக வரத் தொடங்கியது. அந்தக் குறி பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே காலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். முத்திரையை ஒதுக்கிவிட்டால் இந்த உதவியெல்லாம் போய்விடும்.

பின்பக்கம்

ஒதுக்கச் சொல்லவில்லை. முத்திரை இருந்தால் படிக்க வேண்டும், நீங்கள் சொன்ன அத்தனையும் சரி. இல்லாவிட்டால் மதிப்பில்லை என்று நினைப்பதைத்தான் மறுக்கிறேன்.

மிரியம் ஹாஸ்கெல் 1920களின் நடுவில் நியூயார்க்கில் தொடங்கினார். அவருக்காக வடிவமைத்தவர் ஃபிராங்க் ஹெஸ். அவர்கள் செய்ததில் மிக நுட்பமான வேலைகள் பல 1930களிலும் 1940களிலும் வந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் பெயரே கிடையாது. வழக்கமாக முத்திரை போடத் தொடங்கியது பிறகுதான். பாரிஸில் சூசான் பெல்பெரோன் கடைசிவரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பாணியே போதும் என்று இருந்துவிட்டார். ஒரு முழுப் படிகக் கல்லையோ கால்சிடனி என்ற மணிக்கல்லையோ குடைந்து அதையே வளையமாக்கி, அதற்குள் வைரம் பதித்த அவருடைய வேலையைப் பெயர் தேடுகிறவர் கடந்து போயிருப்பார்.

இன்னொன்று. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்காவில் மலிவு உலோகங்கள் போர்த் தேவைக்குப் போய்விட்டன. ஃபேஷன் நகை செய்தவர்கள் வேறு வழியில்லாமல் ஸ்டெர்லிங் வெள்ளியில் வார்த்து அதன்மேல் தங்க முலாம் பூசினார்கள். கண்ணாடிக் கல் பதித்த சாதாரண பூ புரோச் மாதிரி இருக்கும், கையில் எடுத்தால் கனம் வித்தியாசமாக இருக்கும். கனத்தைக் கவனிக்கிறவருக்கு அது தெரிந்துவிடும்.

புதியவள்

உள்ளே வரலாமா? நான் இப்போதுதான் தொடங்குகிறேன். பேக்கலைட் வளையலைச் சோதிக்க ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்லி ஒருவர் சொன்னார். செய்யலாமா? இணையத்தில் பார்த்து வாங்கும்போது எப்படி?

பின்பக்கம்

செய்யவே செய்யாதீர்கள்! தயவுசெய்து. பேக்கலைட் என்று நினைத்துக் குத்துவது செல்லுலாய்டாக இருந்தால் சட்டென்று தீப்பிடித்துவிடும். அது நைட்ரோ செல்லுலோஸ். பழைய சினிமாப் படச்சுருள் எரிந்த கதைகள் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே பொருள். தீப்பிடிக்காவிட்டாலும் வளையலில் ஓட்டை மிச்சம்.

பேக்கலைட் 1907இல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்த பிசின். ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவாவது. வெந்நீர்க் குழாயின் கீழ் சில நொடி காட்டி முகர்ந்து பாருங்கள், மூக்கில் ஏறுகிற மருந்து நெடி வரும். செல்லுலாய்டு என்றால் கற்பூர வாசனை. இரண்டு வளையல்களை மெல்லத் தட்டினால் பேக்கலைட் கனத்த சத்தம் போடும், புது பிளாஸ்டிக் கணகணவென்று மெலிதாக ஒலிக்கும். கல் ஒட்டிய நகையை மட்டும் நீரில் காட்டாதீர்கள். கண்ணாடிக் கல்லின் பின்னால் மினுமினுப்புக்காகத் தாள் போன்ற படலம் இருக்கும். ஈரம் போனால் கல் கறுத்துவிடும், திரும்ப வராது.

செல்லுலாய்டு நகையை மற்ற நகைகளோடு ஒரே பெட்டியில் மூடி வைப்பதும் ஆபத்து. அது சிதையும்போது வெளியாகும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தை அரிக்கும். காற்றோட்டமாகத் தனியே வையுங்கள்.

இணையத்தில் வாங்குவது பற்றி: விற்பவர் முன்பக்கத்தை மட்டும் நாலு கோணத்தில் படமெடுத்துப் போட்டிருந்தால், பின்பக்கம், கொக்கி, முனைகள், அளவுகோல் வைத்த ஒரு படம், இவற்றைக் கேளுங்கள். நல்ல விற்பனையாளர் சந்தோஷமாக அனுப்புவார். தேடும்போது பெயரைப் போட்டுத் தேடினால் எல்லோரும் பார்க்கும் பக்கத்துக்குத்தான் போவீர்கள். பொருளையும் செய்முறையையும் போட்டுத் தேடுங்கள்: கம்பியால் கட்டியது, குடைந்தது, வார்த்த கண்ணாடி, கொம்பு, எனாமல். விற்பவருக்கே என்னவென்று தெரியாத நல்ல உருப்படிகள் அப்படித்தான் வெளியே வரும்.

காஜாஊசி

நகைக்காரர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன், முடிகிற மாதிரி தெரியவில்லை. உடை பற்றி நான் சொல்கிறேன்.

நான் தைப்பவள். உடையைப் பொறுத்தவரை "பின்பக்கம்" என்பது உட்புறம். எந்த உடையையும் முதலில் உள்ளே வெளியே திருப்பிவிடுவேன். தையலுக்கு விட்ட துணி எவ்வளவு அகலம்? தாராளமாக விட்டிருந்தால், பிறகு பிரித்துத் தளர்த்தித் தைக்கலாம் என்று யோசித்தே தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓரத்தை எப்படி முடித்திருக்கிறார்கள்? கையால் சுற்றித் தைத்ததா, பல்வெட்டுக் கத்தரியால் வெட்டி விட்டதா, மெல்லிய நாடா வைத்து மூடியதா? ஓரம் பிரியாமல் மெஷினில் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இருந்தாலே புதுசு என்று சிலர் சொல்வது தவறு. அந்த மெஷின் 1880களிலேயே வந்துவிட்டது. அதைத் தனியாக வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஜிப் நல்ல சாட்சி. பெண்கள் உடையில் ஜிப் 1930களில்தான் சகஜமானது. அந்தக் காலத்திலும் 1940களிலும் பெரும்பாலும் இடப்பக்க இடுப்பில், உலோகப் பல்லோடு இருக்கும். பிறகு முதுகுக்கு நகர்ந்தது. நைலான் சுருள் ஜிப் என்றால் 1960களுக்கு வந்துவிட்டீர்கள். ஜிப் மாற்றியிருக்கிறார்களா என்று பழைய தையல் ஓட்டைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், மெஷினில் போட்ட புதுத் தையல் பழைய ஓட்டைகளின்மேல் பெரும்பாலும் அச்சாக உட்காராது.

துணியும் பேசும். நீட்சி கொடுக்கும் ஸ்பேண்டெக்ஸ் 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவானது. அது கலந்த துணியை யாராவது 1940கள் என்று விற்றால் நம்ப வேண்டியதில்லை. லூரெக்ஸ் என்கிற, கறுக்காத பிளாஸ்டிக் ஜரிகை 1946இல் வந்தது. அதற்கு முன் பளபளத்த துணிகளில் பெரும்பாலும் நிஜ உலோக இழை, அது மங்கிக் கறுக்கும். மங்கலாகக் கறுத்த ஜரிகையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அது அதன் வயதுச் சான்றிதழ்.

லேபிள் இருந்தால் அதில் டிசைனர் பெயரைவிடச் சின்ன எழுத்துகளைப் படியுங்கள். அமெரிக்க உடையில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1960 அல்லது அதற்குப் பிறகு என்று கொள்ளலாம். துவைக்கும் முறையைத் தைத்தே வைத்திருந்தால் பெரும்பாலும் 1972க்குப் பிறகு. பிரிட்டிஷ் உடையில் பாலாடைக்கட்டியில் துண்டு வெட்டியதுபோல இரண்டு வட்டங்களும் 41 என்ற எண்ணும் சேர்ந்த குறி இருந்தால், அது போர்க்காலத்தில் 1941இல் தொடங்கி 1952 வரை நடந்த சிக்கனத் திட்டத்தின் உடை. பொத்தான் எத்தனை, மடிப்பு எத்தனை என்றெல்லாம் அரசு கட்டுப்பாடு விதித்த நாட்கள் அவை. அந்த நெருக்கடிக்குள் எவ்வளவு அழகாக வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்கு எந்த மாலை நேர கவுனையும்விட அதுதான் பிடிக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஹேங்கரில் அழகாகத் தெரியும் உடையைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். மிகச் சிறந்த வெட்டு ஹேங்கரில் ஒன்றுமே இல்லாதது மாதிரி தொங்கும். மதலேன் வியோனே கிராஸ் கட்டில் வெட்டிய உடைகள் அப்படித்தான். துணியின் இழையைச் சாய்த்து வெட்டியிருப்பதால் உடல் உள்ளே போனால்தான் அதற்கு உருவம். நகலெடுப்பவர்களுக்குப் பயந்து தன் லேபிளில் கட்டைவிரல் ரேகையையே வைத்தவர் அவர். மரியானோ ஃபோர்ச்சுனியின் டெல்ஃபாஸ் கவுனைக் கேட்கவே வேண்டாம். வெனிஸில் 1907 வாக்கில் தொடங்கி அவர் மறையும்வரை செய்தார்கள். மெல்லிய பட்டில் நெருக்கமான கொசுவம், ஓரத்தில் முரானோ கண்ணாடி மணிகள், கயிறு முறுக்குவதுபோல முறுக்கி வட்டப் பெட்டியில் வைத்து விற்றார்கள். 1909 காப்புரிமையில் இதைக் கண்டுபிடித்தவர் தன் துணைவி ஹென்ரியட் என்று ஃபோர்ச்சுனியே குறித்திருக்கிறார். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, அதனால் நான் எப்போதும் சொல்வேன். தெரியாதவர் கண்ணில் அது முறுக்கிப் போட்ட ஏதோ ஒரு சுருள் துணி.

ஆகவே துணியை விரலிடுக்கில் வைத்துச் சாய்வாக இழுத்துப் பாருங்கள். மெதுவாக, பழைய பட்டு என்றால் மிக மெதுவாக. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் ஏற்ற வெள்ளீய உப்பில் ஊறவைத்தார்கள். அந்தப் பட்டு இப்போது மடிப்புகளில் நூல்நூலாக வெடிக்கிறது. அதை யாராலும் நிறுத்த முடியாது, எந்தத் தையலும் தாங்காது. வாங்கும் முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

புதியவள்

நிதானமாக இரண்டு தடவை படித்தேன். மிக்க நன்றி. அளவு எப்படிப் பார்ப்பது?

காஜாஊசி

லேபிளில் உள்ள எண்ணை மறந்துவிடுங்கள். அன்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தொடர்பே இல்லை. மார்பு, இடுப்பு, இடுப்புக்குக் கீழ், தோள் அகலம், கைக்குழி ஆழம், ஐந்தையும் டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். பலர் கைக்குழியை விட்டுவிடுவார்கள். பழைய உடைகளில் அதுதான் முதலில் மாட்டும்.

கம்பிவேலை

நான் உலோகத்தில் வேலை செய்பவன். எல்லோரும் பழையதைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒரு பெரிய பகுதி விடுபடுகிறது. 1940களிலிருந்து பட்டறை வைத்துத் தனியாளாக நகை செய்த கலைஞர்கள். விநோதமான நகை வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

நியூயார்க்கில் ஆர்ட் ஸ்மித் பித்தளையும் செம்பும் வெள்ளியும் வைத்துத் தோளையும் கழுத்தையும் சுற்றி ஓடும் பெரிய வடிவங்கள் செய்தார். நடனக் குழுக்களுக்காகச் செய்த அனுபவம் அவற்றில் தெரியும். மனித உடல் இல்லாமல் அந்த நகை முழுமையாகாது என்று நினைத்து வடிவமைத்தவர். அந்தரத்தில் ஆடும் சிற்பங்களுக்காகப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கால்டர் சுமார் 1,800 நகைகள் செய்திருக்கிறார். கம்பியைச் சுத்தியால் தட்டி, சுருட்டி, மாட்டிவிடுவார். பற்றவைப்பு கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சுத்தியல் தழும்பைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். ஸ்வீடனின் விவியானா டோரூன் கடற்கரைக் கூழாங்கல்லையும் வெள்ளிக் கம்பியையும் சேர்த்தார். 1962இல் அவர் வடிவமைத்த கைக்கடிகாரத்துக்கு எண்களே இல்லாத, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற முகப்பு, ஒருபக்கம் திறந்த வளையம். பிறகு ஜார்ஜ் ஜென்சன் நிறுவனம் அதைத் தயாரித்தது.

பொருளின் மதிப்பையே கேள்வி கேட்டவர்களும் உண்டு. 1967இல் கைஸ் பாக்கரும் எமி வான் லீர்சமும் நெதர்லாந்தில் அலுமினியத்தில் பெரிய கழுத்துப் பட்டைகள் செய்தார்கள். 1980இல் ஓட்டோ கூன்ஸ்லி ஒரு தங்கக் குண்டைக் கறுப்பு ரப்பர் வளையலுக்குள் மூடி வைத்தார். வெளியே புடைப்பு மட்டும் தெரியும். உள்ளே தங்கம்தானா என்று பார்க்க ரப்பரை அறுக்க வேண்டும், அறுத்தால் நகை போச்சு. இதைவிடத் தைரியமான வளையலை நான் பார்த்ததில்லை.

இன்றைக்கும் இந்த வேலை நடக்கிறது. உலோகக் கலை படிக்கும் மாணவர்களின் இறுதியாண்டுக் கண்காட்சிகளைப் பாருங்கள். பெயர் பரவும் முன் ஒருவரை நாமே கண்டுபிடிப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. செய்தவரிடமே பேசலாம், எப்படிச் செய்தார் என்று கேட்கலாம், பழுதானால் அவரே சரி செய்வார். மியூனிக் நகரில் ஆண்டுதோறும் சமகால நகைகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடக்கிறது, அதில் இடம்பெறுபவர்களின் படங்களைத் தேடிப் பார்த்தாலே கண் பழகும்.

அப்புறம் அலுமினியம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1850களில் அது அரிய உலோகம். பிரித்தெடுக்கும் செலவு அவ்வளவு. அப்போது அலுமினியத்தில் நுணுக்கமாகச் செதுக்கித் தங்கத்தோடு சேர்த்து நகை செய்தார்கள். 1886இல் மின்னாற்பகுப்பு முறை வந்து விலை சரிந்தது, அந்த நகைகளும் மறக்கப்பட்டன. பழைய பெட்டியில் மிக லேசான, சாம்பல் நிறமான, வேலைப்பாடு மட்டும் அபாரமான ஒரு காப்பு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். பிரஷ்யாவின் இரும்பு நகையும் அப்படித்தான். 1813இல் நெப்போலியனுக்கு எதிரான போருக்குப் பெண்கள் தங்கத்தைக் கொடுத்துவிட்டு இரும்பை அணிந்தார்கள். பின்னல் துணிபோல மெல்லியதாக வார்த்த கறுப்பு இரும்பு. இரும்பை அவ்வளவு மெல்லியதாக வார்ப்பது எத்தனை கடினம் என்பது வார்ப்பு வேலை செய்தவருக்குத்தான் தெரியும்.

வெள்ளிமுடிச்சு

உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன், நண்பர் பின்பக்கம் சொன்ன இரண்டையும்.

ஐந்து கற்களில் நான்கு பசையில் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாவதை மட்டும் நாலு நகங்கள் பிடித்திருக்கின்றன. மற்ற நான்கு குழிகளிலும் நகம் இருந்து வெளியே மடங்கிய தடம் தெரிகிறது. நகம் பிடித்த அந்த ஒரு கல்லைத் திரும்பத் திரும்ப அசைத்துப் பார்த்தேன். அதில் வானவில் நிறம் இல்லை, பக்கத்துக் கற்களின் நிறம்தான் அதில் பட்டுத் தெரிந்திருக்கிறது. அது வெறும் வெள்ளைக் கல்.

பின்னால் இன்னொரு பூவேலைத் தகடு வைத்துக் கம்பி முனைகளை முழுக்க மூடியிருக்கிறார்கள். விரலால் தடவினால் ஒரு முனைகூடக் குத்தவில்லை. பூட்டு திருகுகிற வகை.

பின்பக்கம்

அருமை! அப்படியானால் வானவில் கற்கள் பிறகு வந்தவை. 1950களின் நடுவில் என்ற எல்லை இனி புரோச்சுக்கு இல்லை, பழுதுக்கு மட்டும்தான். மூலம் அதற்கு முந்தையதாகவும் இருக்கலாம். பின்னால் இரண்டாவது தகடு வைத்து மூடுவது ஹாஸ்கெல் பட்டறையின் பழக்கம். ஆனால் அதே நகரத்தில் அதே முறையில் வேலை செய்த வேறு பட்டறைகளும் இருந்தன, அங்கிருந்து வெளியேறித் தனியாகத் தொடங்கியவர்களும் உண்டு.

கண்ணாடிக்கல்

இங்கே நான் குறுக்கிட்டே ஆக வேண்டும். "ஹாஸ்கெல்லாக இருக்கலாம்" என்று யாராவது எழுதிவிட்டால், அடுத்த கைக்குப் போகும்போது "இருக்கலாம்" உதிர்ந்துவிடும். அதற்கடுத்த கையில் அது ஹாஸ்கெல்லே ஆகிவிடும். பழைய நகை உலகில் பொய்ப் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன, யாரும் ஏமாற்ற நினைக்காமலே. வடிவத்துக்கு ஆவணம் வேண்டும். அந்தக் கால விளம்பரத்திலோ, அருங்காட்சியகத் தொகுப்பிலோ, சந்தேகமில்லாத இன்னோர் உருப்படியிலோ இதே அமைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் பெயர் வேண்டாம்.

பின்பக்கம்

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "முத்திரை இல்லை. கையால் கம்பி கட்டிய பித்தளை, பின்தகடு உண்டு, திருகு பூட்டு. நான்கு கற்கள் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை." வேறு எதுவும் தேவையில்லை. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அங்கே இருக்கும் குறிப்புகளைப் படித்துப் பழகுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதும் ஒழுங்கு பிடிபடும்.

பசையைச் சுரண்ட வேண்டாம். இப்போதைய கற்கள் அப்படியே இருக்கட்டும். பழுது பார்த்தவரும் இதை நேசித்துத்தான் பார்த்திருக்கிறார்.

கம்பிவேலை

மடங்கிய நகங்களை நிமிர்த்த முயற்சி செய்யாதீர்கள். பழைய பித்தளை இறுகியிருக்கும், ஒரு தடவை வளைத்தாலே ஒடிந்துவிடும்.

வெள்ளிமுடிச்சு

தொட மாட்டேன். அந்த வாசகத்தை அப்படியே ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பெயர் கிடைக்காதது எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. நாலு கல் மாற்றியது தெரிந்ததில்தான் மகிழ்ச்சி.

கண்ணாடிக்கல்

புதியவர்களுக்காக ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் விநோதமானதைத் தேடும்போது இது கட்டாயம் எதிர்ப்படும். தந்தமும் ஆமை ஓடும் பழைய நகைகளிலும் சீப்புகளிலும் நிறைய இருக்கின்றன. ஆப்பிரிக்க யானைக்கு 1989இல் எடுத்த முடிவுப்படி சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்டது, அழுங்காமைக்கு அதற்கும் முன்பே. பழையது என்பதால் எல்லை தாண்டி அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள், உரிய ஆவணம் இல்லாவிட்டால் பறிமுதல் ஆகும். விற்பவர் "கொம்பு மாதிரி", "எலும்பு மாதிரி" என்று மழுப்பினால் விலகிவிடுங்கள்.

19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணிப் பூக்கள், தலை அலங்காரங்கள் கிடைத்தாலும் கவனம். அந்தப் பச்சையில் ஆர்சனிக் இருக்கலாம். அவற்றைச் செய்த பெண் தொழிலாளர்கள் நோயுற்று இறந்திருக்கிறார்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், அணியவே வேண்டாம். இருட்டில் ஒளிர்ந்த பழைய கைக்கடிகார முகத்தில் ரேடியம் இருக்கலாம், கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

புதியவள்

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. மணி கோத்த கறுப்பு உடை ஒன்று என்னிடம் இருக்கிறது, லேபிள் இல்லை. இடப்பக்கம் உலோக ஜிப், பாதியில் சிக்கிக்கொள்கிறது. மாற்றிவிடலாமா? இப்போது ஹேங்கரில் தொங்குகிறது.

காஜாஊசி

முதலில் ஹேங்கரிலிருந்து இறக்குங்கள், இன்றைக்கே. மணிகளின் கனம் தோள் தையலைக் கிழித்துவிடும். அமிலமற்ற மெல்லிய தாளை மடிப்புகளுக்குள் உருட்டி வைத்து, ஒரு பெட்டியில் படுக்க வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் மூட வேண்டாம்.

ஜிப்பை உடனே மாற்றாதீர்கள். பற்களில் வெள்ளை மெழுகையோ பென்சில் முனையையோ மெல்லத் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும். துணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல் உடைந்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டும், அப்போதும் கையால் தையுங்கள், பழைய தையல் ஓட்டைகளிலேயே.

கண்ணாடிக்கல்

நானாக இருந்தால் மாற்றவே மாட்டேன். மூல ஜிப் போனால் காலச் சான்று போய்விடும்.

காஜாஊசி

அருங்காட்சியகத்துக்கு என்றால் சரி. அவர் அணியப்போகிற உடை இது. ஜிப் சிக்கி இழுத்தால் துணி கிழியும், ஜிப்பைவிடத் துணி பெரிது. கழற்றிய ஜிப்பை ஒரு பருத்திப் பையில் போட்டு உடையோடு வைத்துவிட்டால் சான்றும் எங்கும் போகாது. புதியவள், ஜிப்பின் இழுவையில் ஏதாவது எழுத்து இருக்கிறதா? உள்ளே ஓரங்களை எப்படி முடித்திருக்கிறார்கள்? படம் வேண்டாம், பார்த்து எழுதுங்கள் போதும்.

புதியவள்

இழுவையில் ஏதோ எழுத்து இருக்கிறது, தேய்ந்துவிட்டது. ஓரமெல்லாம் கையால் சுற்றித் தைத்திருக்கிறார்கள், தையல் மிகவும் நெருக்கம். உள்ளே இடுப்பில் ஒரு நாடா தனியாகத் தைத்து, அதற்கு இரண்டு சின்னக் கொக்கிகள் வைத்திருக்கிறார்கள். இது எதற்கு?

காஜாஊசி

உடையின் கனத்தை அந்த நாடா இடுப்பில் தாங்கும், தோளிலும் ஜிப்பிலும் இழுவை விழாது. ஜிப்பைப் போடும் முன் நாடாவின் கொக்கிகளை மாட்ட வேண்டும். இவ்வளவு நாள் அதை மாட்டாமல் ஜிப்பை இழுத்திருந்தால் சிக்கியதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். முதலில் நாடாவை மாட்டி, பிறகு ஜிப்பை ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.